தினசரி மந்திர ஜபம்: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

ஜபத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள், கோயில் குருக்கள் இருக்கிறார், யூடியூப் இருக்கிறது. தொடங்கி மூன்றாவது வாரத்தில் மனம் ஓடுகிறது, தூக்கம் வருகிறது, தொண்டை கட்டுகிறது என்று வந்து நிற்பவருக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. “பக்தியோடு செய்யுங்கள், சரியாகிவிடும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே தொந்தரவின் பெயரால் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. தடை வந்ததும் நம்மில் பலர் மனத்தின் மேல் பழி போடுகிறோம். “எனக்கு பக்தி போதவில்லை”, “எனக்குக் கொடுப்பினை இல்லை” என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியவை நேரம், அளவு, ஆசனம், மூச்சு ஆகிய நான்கும்தான். யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஒன்பது தடைகளை அடுக்குகிறார் (1.30). அந்தப் பட்டியலின் தலையில் இருப்பது வியாதி. மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அடுத்த சூத்திரத்தில் உடல் நடுக்கத்தையும், மூச்சு ஒழுங்கு தவறுவதையும் சேர்க்கிறார். உடம்பிலிருந்து சோதிக்கத் தொடங்குவது பழைய வழிதான்.

இதில் சொல்வது வீட்டில் இருந்தபடி நாம ஜபமோ, ஐந்தெழுத்து (நமசிவாய), ஆறெழுத்து (சரவணபவ), எட்டெழுத்து (ஓம் நமோ நாராயணாய) போன்றவற்றையோ சொல்பவர்களுக்கு. சிவதீட்சையோ, வைணவத்தில் பஞ்சசம்ஸ்காரமோ, உபநயனமோ ஆகி முறைப்படி உபதேசம் பெற்றவர்கள், இங்கே சொல்வதும் உங்கள் ஆசாரியர் சொன்னதும் மாறுபட்டால் ஆசாரியர் சொன்னதையே செய்யுங்கள்.

பத்து நாள் நடக்கிறது, அப்புறம் விட்டுப்போகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெரும்பாலும் அளவுதான் காரணம். ஒரு நல்ல நாளில், கோயிலுக்குப் போய் வந்த உற்சாகத்தில், தினமும் 1008 என்று சங்கல்பம் செய்துகொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘ஓம் நமசிவாய’ என்று நிதானமாகச் சொல்ல ஒரு முறைக்கு 3 விநாடி என்றால் 108 முறைக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். 1008 முறைக்கு 50 நிமிடம். ‘ஓம் நமோ நாராயணாய’ ஒன்றுக்கு 4 விநாடி என்று வைத்தால் 108-க்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். காயத்ரி ஒன்றுக்கு 10 விநாடி என்றால் 108-க்கே 18 நிமிடம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பும் வீட்டில் காலையில் 50 நிமிடம் எங்கிருந்து வரும்? முதல் வாரம் தூக்கத்தைக் கடன் வாங்கி ஓட்டலாம். இரண்டாம் வாரம் அந்தக் கடன் திரும்பக் கேட்கும்.

காய்ச்சலாக இருக்கும் நாளிலும், ரயிலில் போய்க்கொண்டிருக்கும் நாளிலும், வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும் நாளிலும் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உங்கள் அடிப்படை அளவு. சந்தியாவந்தனத்தில் காயத்ரிக்கு 108, முடியாதபோது 28, அதுவும் முடியாதபோது 10 என்று படி வைத்திருக்கிறார்கள். எந்த மந்திரத்துக்கும் இந்தப் படியை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண நாளில் 108, நெருக்கடியான நாளில் 28, முடியவே முடியாத நாளில் 10. ஐந்தெழுத்தைப் பத்து முறை சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் பழக்கத்தின் கண்ணி அறாமல் காக்கிறது.

அடுத்து நேரம். கடிகார நேரம் வைத்தால் அது ஒருநாள் தவறும்போது அன்றைய ஜபமும் சேர்ந்து போய்விடுகிறது. ஐந்து மணி என்று வைத்தவர் ஐந்தரைக்கு எழுந்தால் “இன்றைக்குப் போச்சு” என்று விட்டுவிடுகிறார். அதற்குப் பதில் ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு ஜபத்தைக் கட்டிவிடுங்கள். குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டவுடன், அல்லது விளக்கேற்றியவுடன். குளிக்காமலும் விளக்கேற்றாமலும் போகிற நாள் அரிது.

பிரம்ம முகூர்த்தம் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் முன்னால் முடியும் நேரம் அது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4:24 முதல் 5:12 வரை. தெருவில் சத்தம் இருக்காது, போன் அடிக்காது. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் படுப்பவர் அதை வலிந்து பிடித்தால் நிலைக்காது. முதலில் படுக்கும் நேரத்தைப் பத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை ஏழு மணி ஜபம் ஏழு மணி ஜபமாகவே இருக்கட்டும்.

ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். இரண்டு நாள் தவறினால் மும்மடங்கு, மூன்று நாள் தவறினால் நான்கு மடங்கு என்று பாக்கி ஏறி, பாக்கிக்குப் பயந்தே ஜபம் நின்றுபோகும். சந்தியாவந்தனத்தில் காலம் தவறினால் பிராயச்சித்தமாக ஓர் அர்க்கியம் (மந்திரம் சொல்லிக் கையால் விடும் நீர்) கூடுதலாகக் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடர்கிறார்கள். நீங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்றைய 108-ஐத் தொடங்குங்கள்.

எந்த மந்திரம் என்றே தீரவில்லை, அடிக்கடி மாற்றுகிறேன்

திங்கட்கிழமை சிவ மந்திரம், செவ்வாய் சரவணபவ, வியாழன் குரு மந்திரம், வெள்ளி லட்சுமிக்கு ஒன்று, நடுவில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடன் தீர்க்கும் மந்திரம். இப்படிப் போனால் எதுவும் நாக்கில் ஊறாது. ஜபம் தானாக ஓட வேண்டுமானால் அதே எழுத்துகள் அதே வரிசையில் நாக்குக்குப் பழக வேண்டும்.

தேர்ந்தெடுக்க எளிய வழி இருக்கிறது. ஆபத்து வந்தால் உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் எது? “முருகா” என்றா, “சிவசிவா” என்றா, “பெருமாளே” என்றா, “அம்மா தாயே” என்றா? அந்தத் தெய்வத்தின் மந்திரம்தான் உங்களுக்கு. அப்படி எதுவும் தோன்றவில்லை என்றால் வீட்டில் பாட்டி, அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளலார் வழியில் வந்த குடும்பம் என்றால் அருட்பெருஞ்ஜோதி மகாமந்திரம் இருக்கிறது. எடுத்ததை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மாற்றாமல் வைத்திருங்கள். மற்ற தெய்வங்களுக்கு ஒரு சுலோகமோ ஒரு கும்பிடோ போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பீஜாட்சரங்கள் (‘ஹ்ரீம்’, ‘க்லீம்’ போன்ற விதை எழுத்துகள்) சேர்ந்த மந்திரங்களை மட்டும் காணொளி பார்த்து எடுக்காதீர்கள். அவை குரு வழியாக வாங்கிச் செய்ய வேண்டியவை என்பது எல்லா மரபும் ஒத்துக்கொள்கிற விஷயம். நாமத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது

இதைச் சொல்லி வருந்தாதவர் யாரும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கவனித்தால் காரணமும் பிடிபடும்.

உட்கார்ந்த உடனேயே ஓடினால் உடம்பு இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். அடுப்படியிலிருந்து நேராக வந்து மாலையை எடுத்திருப்பீர்கள், அல்லது கைபேசியைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். மாலையைத் தொடுவதற்கு முன் ஏழெட்டு மூச்சு நீளமாக விடுங்கள். தெரிந்த ஒரு பாட்டைக் குரல்விட்டுப் பாடுங்கள். அப்புறம் தொடங்குங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். எண்ணுவதற்காகக் கைபேசிச் செயலியை வைத்துக்கொள்பவர்கள் மாலைக்கோ விரலுக்கோ மாறுங்கள். ஒரு செய்தி வந்து திரை ஒளிர்ந்தால் போதும், மனம் அங்கே போய்விடும்.

முப்பது, நாற்பது வரை நன்றாகப் போய் அதன்பின் ஓடினால் வேகத்தைப் பாருங்கள். பழகப் பழக நாக்கு வேகம் எடுக்கும். மந்திரம் தேய்ந்து ‘ஓநமசியோநமசி’ என்று உருண்டு போகும். நாக்கு தனியாக ஓட ஆரம்பித்தால் மனத்துக்கு அங்கே வேலை இல்லை, அது வெளியே போய்விடுகிறது. இங்கே முறை, படி இறங்குவது. ஜபத்தில் வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்று வகை உண்டு: காது கேட்கச் சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துக்குள் சொல்வது. உபாம்சு வாசிகத்தைவிட உயர்ந்தது, மானசம் அதைவிட உயர்ந்தது என்று மனு ஸ்மிருதி சொல்கிறது (2.85). அதைப் படித்துவிட்டுப் பலரும் முதல் நாளே மானசத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பழகாத மனத்துக்கு மானச ஜபம் என்பது கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதாகத்தான் முடியும். மனத்தில் சொல்லும்போது ஓடினால் உதட்டுக்கு வாருங்கள். உதட்டிலும் ஓடினால் குரலுக்கு வாருங்கள். குரல் நிலைத்தபின் மறுபடி ஏறுங்கள். ஒரே 108-க்குள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினாலும் தவறில்லை.

கடைசி இருபதில் ஓடினால் முடிக்கும் அவசரம்தான் காரணம். அதற்குப் பின்னால் என்ன வேலை காத்திருக்கிறது என்று பாருங்கள். பாலைக் காய வைத்துவிட்டு வந்தவருக்கு மனம் நிற்காது. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவதுதான் அதற்குப் பரிகாரம்.

இவை எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் எழுதுங்கள். லிகித ஜபம் நமக்குப் புதிதில்லை. ‘ஸ்ரீ ராம ஜெயம்’ நோட்டுப்புத்தகத்தில் எழுதியதும், எழுதிய காகிதங்களை மாலையாகக் கட்டி ஆஞ்சநேயருக்குச் சாற்றியதும் நம் வீடுகளில் நடந்தவைதான். கையும் கண்ணும் மனமும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டியிருப்பதால் அலைபாயும் மனத்துக்கு இதைவிட நல்ல பிடி இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எட்டு நாள் எழுதிவிட்டுத் திரும்பவும் மாலைக்கு வாருங்கள்.

எவ்வளவு செய்தாலும் மனம் கொஞ்சம் ஓடத்தான் செய்யும். அப்போது நாக்கு என்ன செய்கிறது என்பது முக்கியம். திருப்பாண்டிக்கொடுமுடியில் சுந்தரர், “நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே” என்கிறார். மறப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். நினைவு போனாலும் நாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவருடைய ஆறுதல். மனம் போய் வந்தபின் “எங்கே விட்டேன்” என்று தேடாமல், எண்ணிக்கையைக் கலைக்காமல், அடுத்த மணியில் தொடருங்கள். ஒவ்வொரு முறை ஓடியதற்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று தண்டனை வைத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் சலித்துவிடுகிறார்கள்.

தூக்கம் சொக்குகிறது

தினமும் வருகிறதா, சில நாள் மட்டும் வருகிறதா? தினமும் என்றால் இரவுத் தூக்கம் போதவில்லை. இதற்கு மந்திரத்தில் மருந்து இல்லை, சீக்கிரம் படுங்கள். சில நாள் மட்டும் என்றால் சாப்பிட்டவுடன் உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது சுவரில் சாய்ந்திருப்பீர்கள்.

கண்ணை முழுதாக மூடாமல் பாதி திறந்து சுடரையோ சுவாமி படத்தின் பாதத்தையோ பாருங்கள். குரல்விட்டுச் சொல்லுங்கள். அப்படியும் சொக்கினால் எழுந்து நில்லுங்கள். காலைச் சந்தியில் காயத்ரியைக் கிழக்கு நோக்கி நின்றபடி ஜபிப்பதுதான் முறை, மாலையில்தான் உட்கார்ந்து செய்வது. ஆகவே நின்று ஜபிப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மெதுவாக நடந்துகொண்டும் நாமம் சொல்லலாம், பிரகாரம் சுற்றும்போது அதைத்தானே செய்கிறோம்.

ஜபம் செய்தபடியே தூங்கிப்போனால் பாவமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஐந்தெழுத்துப் பதிகத்தில் சம்பந்தர் “துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும் நெஞ்சகம் நைந்து நினைமின் நாள்தொறும்” என்று தூங்கும் நேரத்தையும் சேர்த்தே பாடியிருக்கிறார். இரவு படுக்கையில் நாமம் சொல்லிக்கொண்டே தூங்குவது நல்ல பழக்கம். அதைக் காலை ஜபத்தின் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தொண்டை வறளுகிறது, மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது

தொண்டைக்கு முதலில் புகையைச் சோதியுங்கள். கதவு மூடிய சின்னப் பூஜையறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றிவிட்டு அரை மணி நேரம் குரல்விட்டால் யாருக்கும் தொண்டை கட்டும். புகையை முன்னாடியே காட்டி முடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள். அடுத்து சுருதி. காணொளியில் கேட்கும் குரலின் உயரத்துக்கு நாமும் போக முயல்கிறோம். நீங்கள் சாதாரணமாகப் பேசும் குரல் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேயே சொல்லுங்கள். பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும்.

மூச்சு முட்டுவதற்கு, ஒரே மூச்சில் எத்தனை சொல்ல முடியும் என்று இழுப்பதுதான் காரணம். உள்ளே இழுக்கும்போதும் சொல்வது இன்னொரு காரணம். வெளிமூச்சில் மட்டும் சொல்லுங்கள். ‘ஓம் நமசிவாய’ என்றால் ஒரு மூச்சுக்கு இரண்டு, மூன்று போதும். முடிந்ததும் மூக்கு வழியாக மூச்சு தானாக உள்ளே வரட்டும். இப்படிச் சொன்னால் நிமிடத்துக்குப் பதினைந்து போல ஓடும் மூச்சு தானாகவே நிதானப்படும். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், மந்திரமோ ஜெபமாலை ஜெபமோ சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியதைக் கண்டார்கள். அதற்கென்று மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். வேகமாகவும் சத்தமாகவும் மூச்சைத் தள்ளினால் அப்படி ஆகும். நிதானப்படுத்தியும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஜபத்துக்காக மருந்தையும் உணவையும் தள்ளிப்போடவே கூடாது. காபி குடித்துவிட்டு ஜபம் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெறும் வயிற்றில் செய்வது வழக்கம். காபி இல்லாமல் தலைவலி வந்து அந்த வலியையே ஜபித்துக்கொண்டிருப்பதைவிட, குடித்து வாய் கொப்பளித்துவிட்டு உட்காருவது மேல் என்பது என் எண்ணம்.

கால் மரத்துப்போகிறது, முதுகு வலிக்கிறது

வெறும் தரையில் உட்காராதீர்கள். மனைப்பலகை, பாய், கம்பளம், ஏதாவது ஒன்று வேண்டும். ஆசனம் ரொம்ப உயரமாகவும் இருக்கக்கூடாது, ரொம்பத் தாழ்வாகவும் இருக்கக்கூடாது என்று கீதை சொல்கிறது (6.11). இடுப்புக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்தால் முழங்கால் இறங்கி முதுகு நிமிரும், பாதி வலி அதிலேயே போய்விடும். முட்டி தேய்ந்தவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதம் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது

இந்தப் பயத்துக்கு ஒரு கதை காரணம். துவஷ்டா, இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டும் என்று யாகம் செய்தான். ‘இந்த்ரசத்ரு’ என்ற சொல்லில் ஸ்வரம் (குரலின் ஏற்ற இறக்கம்) மாறியதால், இந்திரனால் கொல்லப்படும் விருத்திரன் பிறந்தான் என்று வரும். ஸ்வரம் பிசகினால் பலன் தலைகீழாகும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, வேத உச்சரிப்பைச் சொல்லும் நூலான பாணினீய சிக்ஷையில் இது சொல்லப்படுகிறது. அது ஸ்வரத்தோடு ஓத வேண்டிய வேத மந்திரங்களுக்கான எச்சரிக்கை. ருத்ரம், புருஷ சூக்தம் போன்றவற்றைப் புத்தகம் பார்த்தோ காணொளி பார்த்தோ தானாகக் கற்காதீர்கள், தெரிந்தவரிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ‘முருகா’, ‘ராமா’, ‘நமசிவாய’ என்று சொல்வதற்கு இந்தப் பயத்தைக் கொண்டுவர வேண்டாம். நமசிவாய, நமச்சிவாய, ஓம் நம: சிவாய எல்லாம் மரபில் வழங்குபவையே. வீட்டு வழக்கம் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாற்றாதீர்கள்.

அதே சிக்ஷை, மோசமாக ஓதுபவர்கள் என்று ஆறு பேரைச் சொல்கிறது: ராகம் போட்டு இழுப்பவர், அவசரமாக ஓடுபவர், தலையை ஆட்டுபவர், எழுதியதைப் பார்த்தே படிப்பவர், பொருள் தெரியாதவர், குரல் மெலிந்தவர். உங்கள் ஜபத்தைக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து கேட்டு, இந்த ஆறில் எது இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக இரண்டாவது இருக்கும். உச்சரிப்புக் கோளாறு என்று நினைப்பதில் பெரும்பகுதி அவசரம்தான், நிதானமாகச் சொன்னாலே எழுத்துகள் தெளிந்துவிடும்.

வடமொழி மந்திரங்களைத் தமிழ் எழுத்தில் படிப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. நம் எழுத்தில் ப ஒன்றுதான், அங்கே நான்கு. அதனால்தான் அச்சில் ப², ப³, ப⁴ என்று எண் போடுகிறார்கள். காயத்ரியில் ‘ப⁴ர்கோ³’ என்பதில் உள்ள 4 அலங்காரத்துக்கு இல்லை. எண் போட்ட புத்தகம் வாங்குங்கள், காதால் கேட்டு ஒரு வாரம் கூடவே சொல்லுங்கள், அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

எண்ணிக்கை தவறிவிடுகிறது, மாலை நழுவுகிறது

மாலையை நடுவிரலிலோ மோதிர விரலிலோ தொங்கவிட்டு, கட்டைவிரலால் மணியைத் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் படாமல் விலகி இருக்கட்டும். 108 முடிந்து மேரு மணி (மாலையின் இரு முனையும் சேரும் தலைமணி) வந்தால் அதைத் தாண்டக் கூடாது, மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும். சிவனுக்கு ருத்ராட்சம், பெருமாளுக்குத் துளசி என்பது பொது வழக்கம். மணி ரொம்பச் சிறியதாக இருந்தால் இரண்டிரண்டாக நழுவும், வாங்கும்போதே கையில் ஓட்டிப் பாருங்கள்.

மாலை இல்லாமலும் எண்ணலாம். கரமாலை எந்த ஊருக்கும் கூடவே வரும். வலக்கை மோதிர விரலின் நடுக்கணுவில் 1, அடிக்கணுவில் 2. சுண்டு விரலின் அடியில் 3, நடுவில் 4, நுனியில் 5. மோதிர விரல் நுனியில் 6, நடுவிரல் நுனியில் 7. ஆள்காட்டி விரலின் நுனியில் 8, நடுவில் 9, அடியில் 10. நடுவிரலின் மிச்சம் இரண்டு கணுவும் மேரு, அவற்றைத் தொடுவதில்லை. இடக்கையில் பத்துகளை எண்ணிக்கொண்டால் பத்துச் சுற்றில் 100, மேலே 8.

எங்கே விட்டோம் என்று மறந்துவிட்டால் குறைவான எண்ணிலிருந்து தொடருங்கள். 108 மணியில் 100-ஐ மட்டும் கணக்கில் எடுத்து, 8-ஐப் பிழைகளுக்கு விட்டுவிடும் வழக்கமும் உண்டு. முன்னோர்களே பிழைக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

தீட்டு, மாதவிலக்கு, பயணம்: நடுவில் அறுந்துபோகிறது

பிறப்பு, இறப்புத் தீட்டிலும் மாதவிலக்கிலும் பூஜையறைக்குப் போவதில்லை, மாலையைத் தொடுவதில்லை என்பது பல வீடுகளின் வழக்கம். சில வீடுகளில் அப்படி இல்லை. உங்கள் வீட்டு வழக்கத்தை மீறச் சொல்லவில்லை. ஆனால் மனத்துக்குள் நாமம் சொல்வதற்கு எந்த நாளும் தடை கிடையாது. நாமத்தை நினைக்கக் கால நியமம் இல்லை என்று வங்காளத்து வைணவ மகான் சைதன்யர் பாடியிருக்கிறார். மாதம் நான்கைந்து நாள் அறுந்தால் பெண்களின் பழக்கம் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் அதே நேரத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்து, மாலை இல்லாமல், மனத்துக்குள் சொல்லுங்கள். 48 நாள் கணக்கு வைத்திருந்தால் அந்த நாட்களைத் தள்ளி எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் வாதம் வேண்டாம்.

பயணத்தில் பேருந்து கிளம்பியவுடன் 28 முறை. யாருக்கும் தெரியாது, யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

எதுவுமே தோன்றவில்லை, இயந்திரம் மாதிரி இருக்கிறது

முதல் சில வாரங்களில் ஒரு நிறைவு இருக்கும், கண் கலங்கும். அப்புறம் அது நின்றுவிடும். பலரும் மந்திரத்தை மாற்றுவது இந்த இடத்தில்தான். மாற்றாதீர்கள். ‘நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு’ செய்தால்தான் பயிற்சி வேரூன்றும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார் (1.14). வறட்சி வரும்போது முதல் இரண்டும் இருக்கும், மூன்றாவது குறைந்திருக்கும். நைட்டியோடும் கசங்கிய லுங்கியோடும் கட்டிலில் உட்கார்ந்தே மாலையை உருட்டிக்கொண்டிருப்போம். ஒரு வாரம் குளித்து, விளக்கேற்றி, ஆசனம் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

பொருளை நினைப்பது அடுத்தது. ஒவ்வொரு முறையும் முழுப் பொருளையும் யோசித்தால் ஜபம் பாடமாகிவிடும். தொடங்கும்போது ஒரு முறை நினைத்துவிட்டு, நடுவில் சுவாமியின் ஓர் உறுப்பை மட்டும், பாதம் என்றால் பாதத்தை மட்டும், கண்ணுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளாகப் பழகியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1907-ல் திருவண்ணாமலையில் காவ்யகண்ட கணபதி முனிவர் ரமணரிடம் வந்தார். அத்தனை மந்திர ஜபம் செய்தும் தவம் என்பது என்னவென்று விளங்கவில்லை என்று முறையிட்டார். மந்திரத்தைச் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்றார் ரமணர். சொல்லிச் சொல்லி ஒலி மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையில் இதை முயன்று பாருங்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உடம்பு லேசாவது, சிலிர்ப்பது, கண்ணீர் வருவது எல்லாம் வரும், போகும். பெரிதுபடுத்தாமல் தொடருங்கள். ஆனால் பல நாள் தூக்கமே இல்லை, யாரோ பேசுவதுபோலக் கேட்கிறது, படபடப்பு அடங்கவில்லை என்றால் ஜபத்தை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

“இந்த மந்திரம் உங்களுக்கு ஆகாது, அதனால்தான் வீட்டில் கஷ்டம்” என்கிறார்கள்

ஜபம் தொடங்கிய மாதத்தில் வேலை போயிருக்கலாம், உடம்புக்கு வந்திருக்கலாம். அதைக் கேட்டு ஒருவர் ஜபத்தின் மேல் பழி போட்டு, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று தொகை சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நாமம் சொன்னதால் குடும்பம் கெட்டது என்று எந்தத் திருமுறையும் எந்தப் பிரபந்தமும் சொல்லவில்லை. பயத்தில் இருப்பவரிடம் பணம் கேட்பவரை குரு என்று அழைக்காதீர்கள். மனம் ஆறவில்லை என்றால் உங்கள் ஊர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, பழைய 108-ஐத் தொடருங்கள்.

எல்லாம் சரியாகப் போகிறது, எண்ணிக்கையைக் கூட்டலாமா?

ஒரு மண்டலம் தடையில்லாமல் போயிருந்தால் கூட்டலாம். காலை அளவில் கை வைக்காமல், மாலையில் விளக்கேற்றிய பிறகு இன்னொரு 108 சேருங்கள். அது ஒரு மண்டலம் நின்றபின் அடுத்ததைப் பாருங்கள். மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் ஜபிப்பது புரச்சரணம். ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம். தினம் ஒரு மாலை, அதில் 100-ஐக் கணக்கில் எடுத்தால் 5,000 நாள், அதாவது 13 வருஷத்துக்கு மேல். ஹோமம், தர்ப்பணம் எல்லாம் சேர்ந்த முறையான புரச்சரணத்தைக் குரு இல்லாமல் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த எண்ணை அடையத் தினம் ஒரு மாலை போதும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டிய அளவு பாரமாகத் தெரிந்தால் அடுத்த நாளே பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள்.